பந்தை விடாத பையன்

குழந்தைகளை வைத்துப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, குழந்தையைத் தெய்வமாக்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் கோமாளியாக்கிவிடுவார்கள். மைக்கேல் ரிட்சி 1976-ல் எடுத்த 'பேட் நியூஸ் பேர்ஸ்' என்ற அமெரிக்கப் படம் இரண்டையும் செய்யவில்லை. வேடிக்கைப் படம் என்று பெயர் வாங்கிய படம்தான். ஆனால் எனக்கு அதில் சிரிப்பு வந்த இடங்களைவிடச் சிரிப்பு அடங்கிப்போன இடங்களே நினைவில் நிற்கின்றன.

கதை சின்னது. தெற்குக் கலிபோர்னியாவில் சிறுவர்கள் ஆடும் பேஸ்பால் பந்தயம். எந்தக் குழுவிலும் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்காக ஒரு வக்கீல் வழக்குப் போட்டு, புதிய குழு ஒன்றை உண்டாக்குகிறார். ஆட்டம் கற்றுக்கொடுக்க அவர் கூலி கொடுத்துப் பிடிக்கும் ஆள் பட்டர்மேக்கர். ஒரு காலத்தில் சிறிய குழுக்களில் பந்து எறிந்தவர். இப்போது நீச்சல் குளம் கழுவிப் பிழைக்கிறார். காரில் எப்போதும் பீர். வால்டர் மாத்தாவ் இந்த மனிதராகவே இருக்கிறார். நடிப்பு என்று தனியாக எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை.

இந்தப் பந்தயங்களின் பூர்வோத்தரம் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1939-ல் பென்சில்வேனியாவில் வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் மூன்றே குழுக்களுடன் ஆரம்பித்தது 'லிட்டில் லீக்'. தம் உறவுப் பிள்ளைகளுக்கு விளையாட இடம் வேண்டுமே என்று தொடங்கியவர், பதினைந்து பதினாறு வருஷத்துக்குள் அது வியாபாரமாகிவிட்டதென்று மனம் கசந்து விலகிப் போனார். பெண் குழந்தைகளை அதில் சேர்க்கவில்லை. கோர்ட்டுக்குப் போய், 1974-ல்தான் கதவு திறந்தது. அதே வருஷம் அவர்களுக்கென்று சாஃப்ட்பாலும் ஏற்படுத்தினார்கள். பந்து கொஞ்சம் பெரியது. கையைக் கீழிருந்து வீசி எறிய வேண்டும். மிருது என்பதெல்லாம் பெயரில்தான்; பட்டால் தெரியும். ஆட்டம் எதுவானாலும் மைதானத்து வேலி ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவர்களும் அதே அப்பா அம்மாக்கள்தான்.

படத்தில் பேர்ஸ் குழுவின் நல்ல பந்தெறிபவள் ஒரு பெண், அமாண்டா. பன்னிரண்டு வயதுகூட நிரம்பவில்லை. டேட்டம் ஓநீல் நடித்திருக்கிறாள். பட்டர்மேக்கர் ஒரு காலத்தில் சிநேகமாயிருந்த பெண்ணின் மகள். அவளுக்கு வேண்டியது வெற்றி அல்ல. ஆட்டங்கள் முடிந்த பிறகும் இந்த மனிதர் தன்னோடு இருக்க வேண்டும் என்பதுதான். அதை அவள் சுற்றி வளைத்துக் கேட்கும்போது அவர் கோப்பையில் இருந்ததை அவள்மீது விசிறியடிக்கிறார். அவள் போன பிறகு அவருக்குக் கண் கலங்குகிறது. படத்தின் மிக உண்மையான காட்சிகளில் இது ஒன்று.

பிள்ளைகள் பேசும் பேச்சு காதைப் பொத்திக்கொள்ள வைக்கிறது. சாதி, இனம் ஒன்றையும் விடாமல் வைகிறார்கள். இதற்காகப் படத்தைக் குறை சொன்னவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பேச்சு எந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து வந்தது என்பதை டைரக்டர் சொல்லாமலே சொல்லிவிடுகிறார்.

இறுதி ஆட்டம்தான் படத்தின் உயிர். எதிர்க்குழுவின் பயிற்சியாளர் ராய் டர்னர். அவருக்காகப் பந்து எறிகிறவன் அவருடைய மகனே, ஜோயி. ஒரு பந்து பேர்ஸ் குழுவின் குண்டுப் பையன் எங்கல்பர்க்கின் தலைக்கு வெகு அருகில் போகிறது. டர்னர் மைதானத்துக்குள் நடந்து வந்து, எல்லோரும் பார்க்க மகனை அறைகிறார். பையன் தரையில் விழுகிறான். அந்தப் பந்து தலையில் பட்டிருந்தால் விபரீதம். ஆகவே அடித்ததற்கு ஒரு நியாயம் இருப்பதுபோலக்கூடத் தோன்றும். இந்த இடத்தில்தான் எழுதியவர் (பில் லங்காஸ்டர்) தேர்ந்த கை. தகப்பனை அரக்கனாக்கவில்லை. நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டே அநியாயம் செய்கிறவராக்கியிருக்கிறார்.

ஜோயி எழுந்து மறுபடி எறிகிறான். எங்கல்பர்க் அடித்த பந்து மெதுவாக உருண்டு ஜோயியின் கைக்கே வருகிறது. சுலபமாக அவனை வெளியேற்றியிருக்கலாம். ஜோயி பந்தை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். குழுவினர் ஓடி வந்து பிடுங்கப் பார்க்கிறார்கள், விடவில்லை. எங்கல்பர்க் மூச்சு இரைக்க முழுச் சுற்றும் ஓடி முடிக்கிறான். பிறகு ஜோயி நடந்து போய், தகப்பனாரின் காலடியில் பந்தைப் போட்டுவிட்டு, அம்மாவோடு போய்விடுகிறான். ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த இரண்டு நிமிஷத்தை எழுத எனக்கு ஐம்பது பக்கம் வேண்டியிருக்கும். அப்போதும் இப்படி வருமா என்பது சந்தேகம்.

இதைப் பார்த்தபின் பட்டர்மேக்கர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை ஆட விடுகிறார். அதுவரை அவரும் டர்னர்தான்; அமாண்டாவின் கை வலிப்பது தெரிந்தும் எறியச் சொன்னவர். மாற்றம் சற்று அவசரம் என்பேன். அதுவரை ஒன்றுக்கும் உதவாத லூபஸ் என்ற பொடியன் அற்புதமாக ஒரு பந்தைப் பிடிப்பது, நமக்குத் தரப்படும் மிட்டாய். ஒரே ஒரு புள்ளியில் தோற்க வைத்துப் படம் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. தோற்ற பிள்ளைகள் கையில் பீரைக் கொடுப்பது சிரிப்புக்காக. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்குள்ள பெரிய குறை வேறு. வேலியோரத்தில் இருந்த அந்த அம்மாவுக்குப் படம் ஏறக்குறைய ஒன்றுமே தரவில்லை. எத்தனை வருஷமாக அவள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்? மகனோடு காரில் ஏறியபின் என்ன பேசினாள்? டர்னர் கோப்பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறபோது கதவைத் திறந்தது யார்? காமிரா மைதானத்திலேயே நின்றுவிடுகிறது.