வருஷச் சந்தாவா, வீட்டு டம்பெல்லா?

ஊரில் சர்க்கரை நோய் எவ்வளவு என்று கேட்டால் யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். "வீட்டுக்கு ஒருத்தர்" என்று சொல்லிவிடுவார்கள். கணக்கும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. ஐ.சி.எம்.ஆர். இந்தியா முழுக்க நடத்திய நீரிழிவு ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. நாட்டின் சராசரி 11.4 விழுக்காடு; புதுச்சேரியில் 26.3. இதைவிட அதிகம் கோவாவில் மட்டும்தான், அதுவும் 26.4. வயது வந்தவர்களில் நாலில் ஒருவர்.

புதுச்சேரியின் கரிக்கலாம்பாக்கம் மாதிரி ஊரில் ஜிம்மைப் பற்றிப் பேசும்போது இந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. பாகூருக்கும் வில்லியனூருக்கும் சைக்கிள் மிதித்தவர்களின் பிள்ளைகள் பைக்கில் போகிறார்கள். திருபுவனைப் பக்கம் ஷிப்டு வேலை, இல்லையென்றால் டவுனில் கடை வேலை. உழைப்பு குறைந்ததே தவிர தட்டில் விழும் சோறு குறையவில்லை. ஆகவே "வீட்டிலேயே டம்பெல் வாங்கிப் போடலாமா, ஜிம்மில் சேரலாமா" என்று இளவட்டங்கள் டீக்கடையில் பேசுவதை அழகு பார்க்கும் ஆசை என்று ஒதுக்க முடியாது. அவர்களுடைய அம்மா அப்பாவுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி அது.

அம்மா அப்பாவுக்குக் கிடைப்பதோ ஒரே அறிவுரை. சமுதாய நலவழி மையத்தில் மாத்திரை வாங்கப் போனாலும், தனியார் டாக்டரிடம் போனாலும், "நல்லா நடங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் அங்கே நிற்கவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் என்று சொன்ன கையோடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. சாப்பாட்டிலிருந்து ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் மிகப் பெரிய இடம் தசைதான். தசை வற்றினால் அந்த இடமும் சுருங்கும். ஆள் ஒல்லி, உள்ளே கொழுப்பு அதிகம், தசை குறைவு என்ற நம் உடல்வாகைப் பற்றிப் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். நடையால் மட்டும் இது சரியாகாது. எதையாவது தூக்க வேண்டும். எங்கே தூக்குவது என்பதுதான் கேள்வி.

பணத்தை வைத்து இதை முடிவு செய்யப் பார்ப்பவர்கள்தான் அதிகம். மாதம் ஆயிரம் ரூபாய் சந்தா, போக்குவரத்துக்குப் பெட்ரோல் தனி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருஷக் காசில் தட்டு மாற்றும் டம்பெல் ஒரு ஜோடி, ஒரு பெஞ்ச், ரப்பர் பேண்டுகள் எல்லாம் வந்துவிடும். இரும்பு கெட்டும் போகாது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கணக்கில் எத்தனை நாள் என்பது இல்லை. பன்னிரண்டாயிரத்துக்கு வாங்கிய சாமானை நூற்றைம்பது நாள் தொட்டால் ஒரு நாளைக்கு எண்பது ரூபாய். பத்து நாள் தொட்டால் ஆயிரத்து இருநூறு.

ஜிம்மிலும் இதே கதைதான். அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சி மன்றங்களின் வருகைப் பதிவுகளை எடுத்து டெல்லாவீனா, மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். மாதச் சந்தா 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 முறைதான் வந்திருக்கிறார்கள். வந்த நாளுக்கு வகுத்தால் ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல். பத்துத் தடவை அட்டை வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரில் முடிந்திருக்கும். நாளைக்கு நாம் எப்படி இருப்போம் என்பதில் மனிதனுக்கு இருக்கும் அசட்டு நம்பிக்கைதான் இந்த வியாபாரத்தின் முதல். "மாசக் கணக்கு உங்களுக்கு நட்டம்ணே, வருஷத்துக்கா கட்டிடுங்க" என்று கவுண்டரில் இருக்கும் தம்பி சொல்லும்போது, அவர் விற்பது இடத்தை விட அந்த நம்பிக்கையைத்தான். 2025 செப்டம்பரில் ஜிம் கட்டணத்துக்கான ஜி.எஸ்.டி. 18லிருந்து 5 விழுக்காடானது நல்ல செய்திதான். வராத நாளுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆக, ஆளை வரவைப்பது எது என்பதைத்தான் எடைபோட வேண்டும். வீட்டின் பலம் அருகாமை. காலை ஷிப்டு முடிந்தோ ராத்திரி ஷிப்டுக்கு முன்னாலோ, கைலியோடு கால் மணி நேரம் செய்துவிட்டுக் குளிக்கப் போகலாம். மழைக்காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சங்கராபரணியும் தென்பெண்ணையும் பெருகியபோது எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று பார்த்துத்தான் வெளியே கிளம்ப வேண்டியிருந்தது. 2020 மார்ச் ஊரடங்கில் மூடிய ஜிம்களைத் திறக்க மத்திய அரசு அனுமதி தந்தது ஆகஸ்ட் 5இல்தான். அதுவரை பழக்கம் விடாமல் இருந்தவர்கள் வீட்டில் ஏதாவது வைத்திருந்தவர்களே.

பெண்களுக்கு இந்த அருகாமை இன்னும் பெரிசு. 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கணக்கின்படி, இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்குப் போதுமான உடலியக்கம் இல்லை, ஆண்களில் 42. ஜிம்மில் பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கினாலும் அது பெரும்பாலும் ஆண்கள் வராத முற்பகலாக இருக்கும். அந்த நேரத்தில்தான் உலை கொதிக்கும், அல்லது அவர்களே வேலையில் இருப்பார்கள். நாற்பது வயதுக்காரி சுடிதாரோடு பைக்கில் ஜிம்முக்குப் போனால் தெரு என்ன பேசும் என்பதையும் இல்லை என்று நடிக்க வேண்டாம். அவர்களுக்கு வீட்டில் ஒரு ஜோடி சின்ன டம்பெல்லும் கை இல்லாத ஒரு நாற்காலியும் எந்த ஏசி ஜிம்மையும் விட உபயோகம்.

ஆனால் வீட்டில் ஆபத்தும் உண்டு, அதை விற்பவர்கள் சொல்வதில்லை. பெஞ்சில் படுத்துப் பார்பெல் தள்ளும்போது கை ஓய்ந்தால், கம்பி நெஞ்சில் உட்காரும். ஜிம்மில் பின்னால் ஒருவர் நின்று தூக்கிவிடுவார். பூட்டிய அறையில் யார் வருவது? தனியாகச் செய்பவர் கம்பியின் முனையில் கிளிப் மாட்டாமல் விட்டால், முடியாதபோது ஒரு பக்கம் சாய்த்துத் தட்டுகளை உதிர்க்கலாம். அதைவிடப் புத்திசாலித்தனம், தனி ஆள் டம்பெல்லோடு நிறுத்திக்கொள்வது. டைல்ஸ் தரையில் இருபது கிலோ விழுந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சரி, மாடியில் ஷீட் கொட்டகைக்குக் கொண்டுபோனால் பங்குனி வெயிலில் கம்பியைத் தொட முடியாது. ஐப்பசியில் துருப் பிடிக்கும்.

ட்ரெட்மில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசுள்ளவர்கள் முதலில் வாங்குவது அதைத்தான். என் கணிப்பில் கிராமத்து வீட்டுக்கு இதைவிட வீணான சாமான் கிடையாது. மோட்டார், அதற்கு ஸ்டெபிலைசர், பெல்ட்டுக்கு அவ்வப்போது சிலிக்கான் எண்ணெய், பழுதானால் டவுனிலிருந்து மெக்கானிக். இவ்வளவும் எதற்கு? நடப்பதற்கு. வீட்டு வாசலிலிருந்து ஏரிக்கரை வரை தெரு சும்மாதானே கிடக்கிறது? முழங்கால் வலிக்காரர், தெருநாய்க்குப் பயந்தவர், இருட்டிய பிறகே நேரம் கிடைக்கும் பெண் ஆகியோருக்கு மட்டும் விலக்கு.

ஜிம்மின் பலத்தை நான் இரண்டாகப் பார்க்கிறேன். ஒன்று, ஏற்றிக்கொண்டே போக இடம் இருக்கிறது. பத்து கிலோவுக்குப் பழகிய உடம்புக்குப் பன்னிரண்டு வேண்டும், பிறகு பதினைந்து வேண்டும். வீட்டில் தட்டு தீர்ந்துவிடும். தசை பெருக்கக் குறைந்த எடையைக் களைக்கும்வரை தூக்கினாலும் போதும் என்று ஆய்வுகள் சொல்கின்றன; முழு வலு ஏற வேண்டுமானால் கனத்த எடைக்கு ஈடு இல்லை. கனத்த உடம்புக்காரர் பலரால் புல்-அப் ஒன்றுகூட எடுக்க முடியாது. அவர்களுக்கு முதுகு வேலை செய்ய ஜிம்மின் லாட் புல்டவுன் மெஷின் சுலபமான வழி.

இரண்டாவது, கண். பஸ்கி எடுக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும்புவதும், முட்டி உள்பக்கம் சாய்வதும் செய்பவருக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கும் நல்ல மாஸ்டர், "குதிகாலை ஊனு, முட்டியை வெளிய தள்ளு" என்று சொன்ன நிமிஷம் திருந்திவிடும். யூடியூபில் ஆயிரம் வீடியோ பார்த்தாலும் நம்மை அது பார்க்காது.

சிக்கல், மாஸ்டர் எல்லாரும் நல்ல மாஸ்டர் இல்லை. என்ன படித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை, புஜம்தான் சான்றிதழ். சேர்ந்த வாரமே அறுபது வயதுக்காரருக்கும் இருபது வயதுக்காரருக்கும் ஒரே அட்டவணை. அடுத்த வாரம் புரோட்டீன் டப்பா. சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்தவர் டாக்டரைக் கேட்காமல் அதைக் குடிக்கலாகாது என்று கவுண்டரில் சொல்பவர் அபூர்வம். ஊசி, மாத்திரை என்று போகும் இடங்களும் உண்டு. அங்கே பையனை அனுப்புவதை விட அவன் சும்மா இருப்பது மேல்.

இந்த இரண்டுக்கும் வெளியே நம் பக்கத்தில் ஒரு மூன்றாவது வழி இருந்தது. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, சிலம்பம் எல்லாம் சேர்ந்து செய்தவை. யாரும் தனித்தனியாகச் சாமான் வாங்கவில்லை. புதுச்சேரி டவுனில் அரவிந்தர் ஆசிரமம் 1940களிலிருந்து உடற்பயிற்சியைக் கூட்டு வாழ்க்கையின் அங்கமாகவே நடத்திவருகிறது; பெண்பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு மைதானத்தில் இறங்கியதைக் கண்டு அக்காலத்தில் ஊர் முகம் சுளித்தது. ஆண்டுதோறும் டிசம்பர் 2 அன்று விளையாட்டு மைதானத்தில் அவர்கள் செய்துகாட்டும் உடற்பயிற்சிகளில் வெவ்வேறு வயதினரும் இருப்பார்கள். அருகாமையும் இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது, சொல்லித்தரும் கண்ணும் இருக்கிறது. கொம்யூன் பஞ்சாயத்து ஊர்களில் பள்ளி மைதானம் சாயங்காலம் பூட்டிக் கிடக்கும்போது, ஆளாளுக்கு வீட்டுக்குள் இரும்பு வாங்கி அடுக்குவது எனக்கு விசித்திரமாகவே படுகிறது. அங்கே இரண்டு புல்-அப் கம்பி நட ஒரு ட்ரெட்மில் விலை ஆகாது.

அது நடக்கும்வரை கேட்பவர்களுக்கு என் யோசனை இது. முதலில் ஜிம்மில் சேருங்கள், ஆனால் மூன்று மாதத்துக்கு மட்டும். பஸ்கி, தரையிலிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது ஆகிய நாலு அசைவையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். விரல் வைக்கும் மெஷின் அங்கே இருந்தால், புதுப்பிக்கும் முன் உங்கள் வருகைக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். மாதம் எட்டு நாளுக்கு மேல் போயிருந்தால் பணத்தைக் கட்டுங்கள். அதற்குக் கீழே என்றால் அந்தப் பணத்தில் டம்பெல் ஜோடி வாங்கி, கட்டிலுக்கு அடியில் தள்ளாமல், டிவி பார்க்கும் இடத்தில் போடுங்கள்.