ஆறாம் பண்ணும் தலையணைச் சடையும்

கல்யாணமான முதல் வருஷத்தில் ஒருவனுக்கு விசித்திரமான நினைப்புகள் வரும் என்று திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் ஒருமுறை தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொன்னார். சாப்பிட உட்கார்ந்தால், முன்பு தனியாள், இப்போது இரண்டு பேர் என்று தோன்றுமாம். படுக்கையில் கண் விழித்தால், பக்கத்துத் தலையணையில் இதற்கு முன் இல்லாத ஒரு ஜோடிச் சடை கிடக்குமாம். திருமணத்தைக் குறித்து அவர் எழுதியதும் பிரசங்கித்ததும் ஏராளம். அவற்றையெல்லாம் விட இந்தச் சடையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். மனைவியின் முகத்தை அவர் சொல்லவில்லை, அழகைச் சொல்லவில்லை. அரைத் தூக்கத்தில் கண்ணில் எது முதலில் படுமோ, அதைச் சொன்னார். 1505-இல் மடத்துக்குள் நுழைந்து, இத்தனை காலம் தனிக் கட்டிலில் படுத்துப் பழகி, 1525 ஜூன் 13-ஆம் தேதி 41 வயதில் மணம் முடித்தவர் அல்லவா? இல்லறத்தின் ஆச்சரியம் முழுவதும் அவருக்கு அந்த ஒரு பார்வையில் அடங்கிவிட்டது.

இந்தப் பேச்செல்லாம் நமக்குக் கிடைத்திருப்பது அவர் வீட்டில் தங்கிச் சாப்பிட்ட மாணவர்களால். விட்டன்பர்க் நகரில் லூத்தர் முன்பு துறவியாக இருந்த மடமே பிறகு அவருடைய வீடாயிற்று. பெரிய கட்டடம், எந்நேரமும் விருந்தாளிகள், மாணவர்கள், உறவுப் பிள்ளைகள். மேசையில் அவர் பேசப் பேச, ஃபைட் டீட்ரிக், ஆன்டன் லாட்டர்பாக் போன்றவர்கள் லத்தீனும் ஜெர்மனும் கலந்து அப்படியே குறித்துக்கொண்டார்கள். லூத்தர் இறந்து 20 ஆண்டுகளுக்குப் பின், 1566-இல், ஆரிஃபாபர் என்பவர் அவற்றைத் தொகுத்து அச்சிட்டார். மேடையில் பேசுவதற்கென்று சிங்காரித்த சொற்கள் இல்லை அவை. அதுதான் அவற்றின் ருசி.

அந்தப் பெரிய வீட்டைக் கட்டி ஆண்டவர் கத்தரினா வான் போரா. மணமானபோது அவருக்கு வயது 26. கன்னிமடத்தில் வளர்ந்தவர். 1523 ஈஸ்டர் சமயத்தில், மீன் பீப்பாய் ஏற்றிப்போகும் வியாபாரி ஒருவரின் வண்டியில் மற்ற கன்னியருடன் தப்பி வந்தவர். கல்யாணத்துக்கு முந்தைய ஒரு வருஷம் என் படுக்கையை உதறிப் போடக்கூட ஆளில்லை, வியர்வையில் ஊறி நாறிக் கிடந்தது, உழைத்த அலுப்பில் அதிலேயே விழுந்து தூங்கினேன் என்று லூத்தர் சொல்லியிருக்கிறார். அங்கே வந்து சேர்ந்த கத்தரினா பீர் காய்ச்சினார், பன்றி வளர்த்தார், தோட்டம் போட்டார், மீன்குளம் பார்த்தார், பண்ணை வாங்கச் செய்தார், தங்கியிருந்தவர்களுக்கெல்லாம் பொங்கிப் போட்டார். கணவர் அவரைக் கடிதங்களில் எஜமான் என்றே அழைத்தார். கேலிதான், ஆனால் பணக்கணக்கு யார் கையில் இருந்தது என்பது இருவருக்கும் தெரியும்.

புதுமணக் காலத்தை நினைத்து லூத்தர் சொன்ன இன்னொரு சங்கதி இன்னும் நுட்பமானது. அவர் மும்முரமாகப் படித்துக்கொண்டிருப்பார். கத்தரினா பக்கத்தில் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருப்பார். திடீரென்று, டாக்டர் ஐயா, பிரஷ்யாவில் இருக்கிறாரே அந்தத் தலைவர், அவர் மார்க்கிரேவ் பிரபுவின் தம்பியா என்று கேட்பார். இருவரும் ஒரே ஆள். கேள்வியில் பொருளே இல்லை. ஆனால் அதைக் கேட்க அந்தப் பெண் எவ்வளவு நேரம் நூலைத் திரித்தபடி யோசித்திருப்பார்! படித்த புருஷனோடு படித்தவர் பேச்சே பேச வேண்டும் என்று தேடித் தேடி எடுத்த கேள்வி அது. வருஷங்கள் கழித்தும் லூத்தர் அதை மறக்கவில்லை என்பதில்தான் அவருடைய அன்பு தெரிகிறது. அந்த வினாவுக்குள் இருந்த 'என்னோடு பேசுங்களேன்' அவர் காதில் விழுந்திருக்கிறது.

காதைச் சொன்னதால் இசைக்கு வருகிறேன். லூத்தர் லூட் என்னும் நரம்புக் கருவி வாசிப்பார், நன்றாகப் பாடுவார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாக உள்ள பாட்டுப் புத்தகங்களை எடுத்து வைத்து வீட்டார் சேர்ந்து பாடுவது வழக்கம். 1525-இல் வழிபாட்டை ஜெர்மன் மொழியில் அமைக்கும் வேலை வந்தபோது, யோகான் வால்டர் என்ற இசையறிஞரைத் தோர்காவிலிருந்து வரவழைத்தார். அந்த நாட்களைப் பற்றி வால்டர் எழுதி வைத்திருப்பதில் ஒரு செய்தியை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். ஆலயத்தில் வாசிக்கும் நிருபத்துக்கும் சுவிசேஷத்துக்கும் எந்தப் பண் என்ற பேச்சு வந்தது. அக்காலத் திருச்சபை இசையில் பண்கள் எட்டு. நிருபத்துக்கு எட்டாவது, சுவிசேஷத்துக்கு ஆறாவது என்று லூத்தர் முடிவு செய்தார். காரணமும் சொன்னார்: கிறிஸ்து இனிமையான ஆண்டவர், அவர் பேச்சும் இனியது, அதற்கு ஆறாவதே பொருந்தும், பவுல் கண்டிப்பான அப்போஸ்தலர், அவருக்கு எட்டாவது.

இதை நம் காதுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். சுர அளவில் மட்டும் சொன்னால், அவர் எடுத்த ஆறாவது பண் சங்கராபரணத்தின் பக்கம் நிற்கிறது; எட்டாவது அரிகாம்போதியின் பக்கம். வித்தியாசம் ஒரே ஒரு நிஷாதம். அந்த ஒற்றைச் சுரத்தில் இரண்டு மனிதர்களின் சுபாவத்தை அவர் பிரித்துக் கேட்டிருக்கிறார். நிருபத்தை எழுதியவருக்கு முகம் கொடுத்தார், குரல் கொடுத்தார். சுவிசேஷ வாசிப்புக்குள்ளும் எல்லாரையும் ஒரே சுரத்தில் விடவில்லை: கிறிஸ்து பேசும் இடம் தாழ்ந்த சுரத்தில், மற்றவர் பேசும் இடம் உயர்ந்த சுரத்தில். எல்லாருக்கும் மேலானவருக்குத் தாழ்ந்த குரல்! வேதத்தை இப்படி வாசித்தவருக்கு விளக்கவுரை பாதி தேவைப்பட்டிருக்காது.

1538-இல் ஒரு பாடல் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் பலகுரல் இசையை அவர் வர்ணித்திருப்பார். ஒரு குரல் எளிய மெட்டைப் பிடித்துக்கொண்டு தன் போக்கில் போகிறது. மூன்று நான்கு குரல்கள் அதைச் சுற்றித் துள்ளி, நெருங்கி, விலகி, மறுபடி வந்து தழுவிக்கொள்கின்றன. விண்ணுலகத்து ஆட்டம் போல இருக்கிறது என்கிறார். பிள்ளைகளும் மாணவர்களும், கத்தரினாவின் அத்தை லேனாவும், ஒரு நாயும் நிறைந்த அந்த வீட்டைத் தெரிந்த பிறகு இதைப் படித்தால், அவர் பாட்டைத்தான் சொல்கிறாரா, வீட்டைச் சொல்கிறாரா என்று எனக்குத் தோன்றும்.

1530-ஆம் ஆண்டுக் கோபர்க் கோட்டை நாட்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆக்ஸ்பர்க்கில் பேரரசர் முன் அவர் நண்பர்கள் தங்கள் விசுவாசத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தார்கள். 1521-லேயே சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவிக்கப்பட்டதால் லூத்தர் அங்கே போக முடியாது. தம் நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம் கோட்டையில் ஆறு மாதம் போலக் காத்துக்கிடந்தார். கத்தரினா கைக்குழந்தை மகதலேனாவின் படம் ஒன்றை அனுப்பிவைத்தார். முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை; பிள்ளை இவ்வளவு கறுப்பாகவா இருக்கிறாள் என்றாராம். பார்க்கப் பார்க்க, இது என் பிள்ளைதான் என்று தெளிந்து, சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவரில் மாட்டிவைத்தார். ஜூன் முதல் வாரம் தகப்பனார் இறந்த சேதி வந்தது. சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார், மறுநாள் வரை தலைவலிக்கும் அளவுக்கு அழுதார் என்று உடனிருந்த டீட்ரிக் எழுதுகிறார்.

அதே மாதத்தில்தான் நான்கு வயது மகன் ஹான்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். இறந்த தாத்தாவின் பெயரும் ஹான்ஸ். கடிதத்தில் சாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அழகான தோட்டம் ஒன்று எனக்குத் தெரியும் என்கிறார். அங்கே பொன்னாடை உடுத்திய பிள்ளைகள் மரத்தடியில் ஆப்பிளும் பேரிக்காயும் செர்ரியும் பொறுக்குகிறார்கள். தங்கக் கடிவாளமும் வெள்ளிச் சேணமும் பூட்டிய குட்டிக் குதிரைகள் இருக்கின்றன. ஜெபம் பண்ணி, நன்றாகப் படித்தால் ஹான்ஸும் வரலாம். கூட்டாளிகள் லிப்புஸையும் யோஸ்டையும் கூட்டிவரலாம். லேனா அத்தையும் வரலாம். தகப்பன் அங்கே ஆட்டத்துக்கென்று விட்ட புல்வெளியையும் பார்க்கிறார். குழலும் மேளமும் தொங்குகின்றன. ஆனால் ஆட்டத்தைப் பார்க்க முடியவில்லை. ஏன்? காலை நேரம், பிள்ளைகள் இன்னும் சாப்பிடவில்லையாம், காத்திருக்க நேரமில்லையாம்.

அந்தச் 'சாப்பிடவில்லை'யை என்னவென்று சொல்ல! பரலோகத்திலும் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத்தான் ஆட வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கு இந்த ஒரு விவரத்தால்தான் தோட்டம் நிஜமாகிறது. பொன்னாடையைப் பிள்ளை கதை என்று நினைக்கலாம். சாப்பாட்டுக்காக ஆட்டம் தள்ளிப்போவது அவனுக்குத் தினசரி நடப்பது. அத்தைக்கு ஓர் இடம் வைத்ததும் அப்படித்தான். அத்தை இல்லாத இடத்துக்கு அந்த வயதுப் பிள்ளை வராது. துக்கத்தோடு இருந்த தகப்பன், பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனிந்து எழுதிய கடிதம் இது.

சுவரில் படமாகத் தொங்கிய மகதலேனா 1542 செப்டம்பர் 20 அன்று 13 வயதில் தகப்பன் கைகளிலேயே இறந்தாள். தோர்காவில் படித்துக்கொண்டிருந்த அண்ணனைப் பார்க்க ஏங்கினாள் என்று அதற்கு முன்பே லூத்தர் அங்கே வண்டி அனுப்பினார். காரணத்தைப் பையனிடம் சொல்ல வேண்டாம் என்று அவன் ஆசிரியருக்கு எழுதினார். அவள் அமைதியில் இருக்கிறாள் என்று நிச்சயமாகத் தெரிந்தும் இவ்வளவு துக்கமாக இருப்பது விந்தைதான் என்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். விசுவாசத்தைப் பற்றி நான் படித்த வார்த்தைகளில் இதைவிட நேர்மையானது எனக்குத் தெரியாது. நிச்சயமும் துக்கமும், ஒன்று மற்றதை விரட்டாமல், ஒரே மூச்சில் நிற்கின்றன.

வலியோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகளை அடக்கம் பண்ணிய மறு ஆண்டு, 1543-இல், யூதர்களுக்கு எதிராக அவர் எழுதிய நூல் அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தவும் வீடுகளை இடிக்கவும் சொல்கிறது. நூல் நூற்ற பெண்ணின் மனதைக் கேட்ட காது, அண்டை வீட்டாரின் அழுகையை எப்படிக் கேட்கத் தவறியது? மேசைப் பேச்சை நேசிக்கிறவர்கள் இதைத் தாண்டிப் போகக்கூடாது. நானும் தாண்டவில்லை.

அவருடைய ஜெபத்தைப் பற்றிய பேச்சும் வீட்டுக்குள்ளேதான் நடந்தது. டோல்பெல் என்று ஒரு நாய் வளர்த்தார். எஜமானர் கையிலிருந்த இறைச்சித் துண்டையே கண் கொட்டாமல், வாய் திறந்து அது பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்த நாய் இறைச்சியைப் பார்ப்பதைப் போல எனக்கு ஜெபம் பண்ண வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார். தமக்குச் சவரம் செய்த நாவிதர் பேத்தர், எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்கு 1535-இல் ஒரு சிறு நூலே எழுதிக்கொடுத்தார். அதில் உவமை நாவிதர் கையிலேயே இருந்தது: நல்ல நாவிதன் கத்தியிலும் மயிரிலும் கண்ணும் கருத்துமாக இருப்பான், ஊர்க்கதை பேசிக்கொண்டு செய்தால் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவான். வீட்டு வேலையும் அவருக்கு விசுவாசத்தின் வேலைதான்: 1522-இல், மணமாவதற்கு மூன்று வருஷம் முன்பே, பிள்ளையின் மூத்திரத் துணியை அலசும் தகப்பனைப் பார்த்து ஊர் சிரித்தாலும், அவன் அதை விசுவாசத்தோடு செய்தால் கடவுள் தம் தூதர்களோடு மகிழ்ந்து சிரிக்கிறார் என்று எழுதியவர் அவர். 1529-இல் வந்த சிறிய ஞானோபதேசத்தில் ஒவ்வொரு பகுதியையும் வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதாகவே அமைத்தார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு வழியாக அந்த ஞானோபதேசம் தமிழுக்கு வந்து, லுத்தரன் குடும்பங்களில் பாட்டிமார் வாயில் மனப்பாடமாகப் புழங்கியது. விசுவாசத்தின் முதல் பள்ளி வீடு என்ற அவருடைய எண்ணம் இங்கே நன்றாக வேர்பிடித்தது.

1546 ஜனவரியில், உடம்பு சரியில்லாமலே ஐஸ்லேபனுக்கு ஒரு பஞ்சாயத்துத் தீர்க்கப் போனார். கத்தரினா கவலையில் தூங்கவில்லை. நீ கவலைப்படத் தொடங்கியதிலிருந்து இங்கே என் அறைக்கு வெளியே தீப்பிடித்தது, தலைமேல் கல் விழப் பார்த்தது, இன்னும் கவலைப்பட்டால் பூமியே பிளந்து எங்களை விழுங்கிவிடும் போலிருக்கிறது என்று பிப்ரவரி 10-ஆம் தேதி எழுதினார். அதற்கு மூன்று நாள் முந்தைய கடிதத்தில், உன்னைவிடவும் எல்லாத் தூதர்களைவிடவும் நன்றாக எனக்காகக் கவலைப்படுகிறவர் ஒருவர் உண்டு, அவர் தொட்டிலில் கிடந்து தாய்ப்பால் குடிக்கிறார், அதே சமயம் தகப்பனின் வலப்பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருந்தார். சீண்டலும் அறிக்கையும் அவருக்கு ஒரே தபாலில் போகும். 18-ஆம் தேதி அந்த ஊரிலேயே இறந்துபோனார். 7-ஆம் தேதிக் கடிதத்தின் மேலுறையில் கத்தரினாவுக்கு அவர் வரிசையாகச் சூட்டியிருந்த பட்டங்களில் டாக்டரம்மாளும் இருந்தது, விட்டன்பர்க் பன்றிச் சந்தைக்காரியும் இருந்தது.