"மாஸ்க் பயனில்லை" என்று டென்மார்க் ஆய்வு சொன்னதா?

"பொதுமக்கள் மாஸ்க் போட்டுப் பிரயோஜனமில்லைன்னு டென்மார்க்ல நிரூபிச்சுட்டாங்களே!" கொரோனா பற்றிப் பேச்சு வந்தால் இன்றைக்கும் யாராவது இதைச் சொல்கிறார்கள். அந்த ஆய்வின் பெயர் டான்மாஸ்க்-19. அதை முழுசாகப் படித்தால் வேறு கதை.

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்தது. சுமார் 6,000 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்து, வெளியே போனால் போடச் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்துத் தொற்று வந்தவர்கள், மாஸ்க் குழுவில் 1.8 சதவீதம், மற்றதில் 2.1 சதவீதம். இதை வைத்துக் கணக்கிட்டால் மாஸ்க்கின் பலன் 46 சதவீதக் குறைவிலிருந்து 23 சதவீதக் கூடுதல் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இதற்கு அர்த்தம் "தெரியவில்லை" என்பது. "பலனில்லை" என்பது அல்ல. தொற்று பாதியாகக் குறைந்தால் கண்டுபிடிக்கும் அளவுக்குத்தான் ஆய்வையே வடிவமைத்திருந்தார்கள். சின்னப் பலன் இந்த வலையில் சிக்காது.

இன்னொன்று. அப்போது டென்மார்க்கில் பொதுமக்கள் மாஸ்க் போடும் வழக்கமே இல்லை. ஆக, போட்டவருக்குக் கிடைத்த பாதுகாப்பை மட்டும்தான் பார்த்தார்கள். நோயாளி போட்டதால் பக்கத்தில் இருப்பவர் தப்பினாரா? அந்தக் கேள்வியே ஆய்வில் இல்லை. நமக்கு முக்கியம் அதுதானே?

வங்கதேசத்தில் அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கிட்டே போனார்கள். 600 கிராமங்கள், சுமார் 3.4 லட்சம் பேர். பாதிக் கிராமங்களில் இலவச மாஸ்க்கும் பிரச்சாரமும். முறையாகப் போடுபவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 ஆனார்கள். அறிகுறியோடு உறுதியான தொற்று, சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த ஊர்களில் 11 சதவீதம் குறைந்தது. அங்கே 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 35 சதவீதம். துணி மாஸ்க்குக்குத் தெளிவான பலன் தெரியவில்லை.

இதிலும் ஓட்டை உண்டு. யார் எந்தக் குழு என்பது எல்லாருக்கும் தெரியும். அறிகுறி சொன்னவர்களிடம் மட்டும்தான் ரத்தம் எடுத்தார்கள். அதனால் இதை வைத்து "மாஸ்க் போட்டால் நோயே வராது" என்று சொல்வதும் தப்பு.

இரண்டு ஆய்வுகளும் அளந்தது "மாஸ்க் கொடுத்துப் போடச் சொன்னால் என்ன ஆகும்" என்பதை. "ஒழுங்காகப் போட்டால் என்ன ஆகும்" என்பது தனிக் கேள்வி. இரண்டையும் குழப்புவதில்தான் சண்டையே கிளம்புகிறது.

என் கருத்து இதுதான்: நோய் பரவும் நாட்களில் பஸ், ஆஸ்பத்திரி, கூட்டமான அறைகளில் எல்லாரும் போடலாம். செலவு சில ரூபாய். பலன் சின்னதென்றாலும் அதில் பெரும்பங்கு வயதானவர்களுக்குப் போகிறது. ஆனால் ஆளில்லாத கடற்கரையில் நடப்பவரை நிறுத்தி அபராதம் போட இந்த ஆய்வுகளைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.