திருப்பிப் பார்க்க ஒரு தையல்

காரமடையில் நின்று நிமிர்ந்தால் நீலகிரி தெரியும். அந்த மலைமேல் தோடர் பெண்கள் போடும் பூத்தையலைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, விரலால் தடவ வேண்டும். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் புடைத்து நிற்கும். நெய்ததா தைத்ததா என்பது சட்டென்று பிடிபடாது.

பென்சில் கோடு கிடையாது, சட்டமும் கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி நகர்கிறது. ஓர் இழை பிசகினாலும் கோலம் கோணிவிடும், பிரிக்க வேண்டியதுதான். கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கைக்கு முன்பே கணக்குப் பழக வேண்டும். வரிசை முடிந்து திரும்பும்போது நூலை இறுக்காமல் சின்ன வளையமாக விடுவதில்தான் சூட்சுமம். அதனால் துணி சுருங்காது, தோளில் இதமாக மடிந்து விழும். நம் ஊர் டெய்லர் கண்ணில் பட்டால் பிசிறு என்று கத்தரித்துவிடுவார்! அந்தப் பிசிறுதான் அழகே.

ஊசி ஓடுவது துணியின் பின்பக்கத்தில். ஆனால் இந்தத் தையல் போட்ட பூத்துக்குளி என்னும் போர்வையை எந்தப் பக்கம் வெளியே தெரியவும் போர்த்தலாம். 2013-இல் இந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊட்டியில் வாங்குவதாக இருந்தால் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். அச்சடித்த நகலைப் பின்பக்கமே காட்டிக்கொடுத்துவிடும்.