இணைப்பிதழ்களுக்கு இடம் எங்கே?

இதழோடு வரும் இணைப்பைப் படித்து முடித்ததும் பழைய தாள் கடைக்குப் போடுவது நம் இல்லங்களின் வழக்கம். இல்லத்தில் அது குற்றமன்று. வருங்காலத்துக்காகக் காக்கும் கடமை பூண்ட நூலகமும் அவ்வாறே செய்தால், அதைத் திறனாயாமல் இருக்க முடியாது.

ஆண்டிறுதியில் இதழ்களை அடுக்கிப் பைண்டு செய்யும்போது இணைப்பைக் கையாள மூன்று நெறிகள் உண்டு. எந்த இதழோடு வந்ததோ அதனோடே வைத்துத் தைக்கலாம். எல்லா இணைப்புகளையும் திரட்டித் தொகுதியின் இறுதியில் சேர்க்கலாம். தனித் தலைப்பும் தனி எண்ணும் இருப்பின், தனித் தொகுதியாகக் கட்டி, இரண்டையும் அட்டவணையில் தொடர்புபடுத்தலாம். எந்த நெறிநூலிலும் இல்லாத நான்காம் வழி ஒன்றும் உண்டு: அளவு பொருந்தவில்லை என்று உருவி எறிந்துவிடுவது.

திருவிவிலிய வரலாறு அறிந்தோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. தானியேல் நூலின் கிரேக்க இணைப்புகளுள் இளைஞர் மூவரின் பாடலை இலத்தீன் விவிலியம் மூன்றாம் அதிகாரத்தில், அதற்குரிய இடத்திலேயே வைத்தது. எஸ்தர் நூலில், எபிரேய மூலத்தில் இல்லாத பகுதிகளைப் புனித எரோணிமுஸ் இறுதியில் திரட்டினார். ஆனால் எது எங்கே இருந்தது என்று குறிப்பும் எழுதி வைத்தார். 1534இல் முழுமையாக வெளிவந்த லூத்தரின் செருமானிய விவிலியம், இவற்றையும் இவை போன்ற பிற நூல்களையும் இரு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனிப் பகுதியாக்கியது. 1826இல் பிரித்தானிய அயல்நாட்டு விவிலியச் சங்கம், அப்பகுதிக்குத் தன் பணத்தைச் செலவிடுவதில்லை என முடிவு செய்தது. இதன் கோட்பாட்டுக் காரணங்கள் தனியே ஆராயத்தக்கவை. நூற்கட்டு பற்றிய பாடம் மட்டும் தெளிவு: பிரித்து வைக்கப்பட்டது எளிதில் விடப்படுகிறது.

இப்பாடம் தமிழ் இதழ்களுக்கும் பொருந்தும். 'தினமணி கதிர்' ஒரு காலத்தில் தனி வார இதழ். ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' அதில்தான் தொடராக வந்தது. பின்னர் அது ஞாயிறு தினமணியின் இணைப்பாயிற்று. பெயர் அதுவே, நிலை மாறிற்று. ஆய்வாளர் அதை எந்தத் தலைப்பின்கீழ்த் தேடுவார்? வழிகாட்டும் ஒரு வரி அட்டவணையில் இல்லையேல், அலமாரியில் இருந்தும் அது இல்லாததே. 1931இல் ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று, வாசகரின் நேரத்தைக் காக்கும்படி நூலகரைப் பணிக்கிறது.

இழப்பு யாருக்கு? பேரெழுத்தாளரின் படைப்பு நூலாகி நிலைத்துவிடும். ஆவடியிலோ மாங்காட்டிலோ இருந்து ஒரு பெண் அனுப்பிய முதல் கவிதை, சிறுவர் பக்கத்தில் வந்த துணுக்கு, ஒரு மாவட்டத்துக்கு மட்டுமே அச்சான செய்திக் கட்டுரை ஆகியவற்றுக்கு இணைப்பிதழே முதல் வீடு. பலவற்றுக்கு அதுவே கடைசி வீடும். இணைப்பை எறியும் கை, எளியோரின் எழுத்தையே முதலில் எறிகிறது.

1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டமும் 1956ஆம் ஆண்டுத் திருத்தமும் நூல்களையும் செய்தித்தாள்களையும் கன்னிமாரா நூலகத்துக்கு உரியனவாக்கின. சட்டம் இதழை வாசல்வரை கொண்டுவரும். அதன்பின் காப்பது நூலகரின் கவனமே. சட்டம் ஏதும் ஏவாமலே காத்தவர்களும் உண்டு. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்களை, மணியத்தின் ஓவியங்களோடு கிழித்தெடுத்துப் பைண்டு செய்த குடும்பங்கள் பல. கோட்டையூர் ரோஜா முத்தையா, நூல்களோடு நாடகத் துண்டறிக்கைகளையும் திருமண அழைப்பிதழ்களையும்கூடத் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின், அச்சேகரத்தைக் கொண்டு 1994இல் எழுந்த ஆராய்ச்சி நூலகம், தரமணிக்குச் செல்லுமுன் நம் பகுதியை அடுத்த முகப்பேரில்தான் இயங்கியது.

நூலகங்களுக்குப் பணமும் ஆளும் குறைவு என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே நாம் கேட்பது சிறிதே. இணைப்பைப் பிரிக்க நேர்ந்தால், அது இருந்த இடத்தில் ஒரு தாளை வைத்துத் தைத்து, இப்போது எங்குள்ளது என்று எழுதிவிடுங்கள். எரோணிமுஸ் செய்ததும் அதுவே. நம் பங்குகளின் படிப்பகங்களிலும், ஆண்டுமலரை நீக்காமல் இதழ்களைக் கட்டும் வழக்கம் இவ்வாண்டே தொடங்கட்டும்.