கூரையில் நிற்கும் செம்பும் கீழே நிற்கும் கேள்விகளும்

பழைய அமெரிக்கக் காற்றுத்திசைகாட்டிகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓடுகிற குதிரை, சேவல், மீன், பசு. களஞ்சியக் கூரையிலும் சர்ச் கோபுரத்திலும் நின்று, காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு சொன்னவை. அழகுதான், அதை நான் மறுக்கலை. வால்பக்கம் பரப்பு கூடுதலா இருந்தால்தான் தலை காத்தை எதிர்த்து நிற்கும். கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு வெளிக்கோடு மட்டுமே தெரியும். அதனால் அந்தக் கோட்டில்தான் முழுத் திறமையும் இருக்கு. வேலையிலிருந்து பிறந்த அழகு இது.

ஆனால் இதற்கு 'நாட்டுப்புறக் கலை' என்று பேர் வைத்தது யார்? 1932-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 'சாதாரண மனிதனின் கலை' என்று ஒரு கண்காட்சி நடத்தியது. அதில் திசைகாட்டிகளும் இருந்தன. பெரும்பாலான பொருட்கள் யாருடையவை? ராக்ஃபெல்லர் வீட்டு அம்மாளுடையவை. செய்தவன் சாதாரண மனிதன், வச்சிருக்கிறவர் கோடீஸ்வரர்.

'நாட்டுப்புறம்' என்பதும் பாதிதான் உண்மை. 1867-ல் மாசசூசெட்ஸின் வால்தாம் ஊரில் தொடங்கிய குஷிங் அண்ட் ஒயிட் கம்பெனி இவற்றைப் பட்டறையில் வரிசையாகச் செய்து விற்றது. மரத்தில் மாதிரி செதுக்கி, அதிலிருந்து இரும்பு அச்சு வார்த்து, அச்சுக்குள் செம்புத் தகட்டை அடித்து, பாதிகளைப் பற்றவைத்து, தங்க ரேக்கு ஒட்டுவார்கள். கம்பெனிப் பேர் நிலைச்சது. நாளெல்லாம் சுத்தியல் பிடிச்ச கைகளின் பேர்?

இன்னொன்று. 1900 வாக்கில் மாட் அயர்ன் ஒர்க்ஸ் செய்த பூர்வகுடித் தலைவன் உருவம், 2006-ல் நியூயார்க் ஏலத்தில் 58 லட்சம் டாலருக்கு மேல் போனது. மண்ணைப் பறிச்சாங்க, பறிகொடுத்தவன் உருவத்தைக் கூரை அலங்காரமா நட்டாங்க. அந்த உருவத்தைப் பார்த்து 'என்ன கம்பீரம்!' என்று மட்டும் சொல்லிட்டு எப்படி நகர முடியும்?

பாஸ்டன் ஃபனூயல் ஹால் உச்சியில் ஷெம் டிரவுன் 1742-ல் செய்த பொன்முலாம் வெட்டுக்கிளி இன்றும் காத்துக்குச் சுத்துது. கண்ணாடிக் கண்கள். அற்புதமான வேலை. கட்டடத்தைக் கொடுத்த பீட்டர் ஃபனூயல் அடிமை வியாபாரத்திலும் பணம் பார்த்தவர். அதே மண்டபத்தில்தான் பின்னாளில் ஃபிரெடரிக் டக்ளஸ் அடிமைமுறைக்கு எதிராக முழங்கினார். மண்டபத்தின் பேரை மாத்தணும் என்ற கோரிக்கைக்கு ஆதரவாக 2023-ல் பாஸ்டன் நகரமன்றம் தீர்மானம் போட்டது. வெட்டுக்கிளியை இறக்கணும்னு நான் சொல்லலை. அது சுத்தட்டும். அதன் அழகைப் பேசுகிறவன் வாயில் விற்கப்பட்ட மனிதர்களும் வரணும் என்கிறேன்.

செம்பில் படர்ந்த பச்சைக் களிம்புக்கு, துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டைக்குக்கூட, சேகரிப்பாளர்கள் கவனம் கொடுக்கிறார்கள். காலம் பொருளின் மேல் விட்ட தழும்பை ரசிக்கிற கண்ணுக்கு, மனுஷன் மேல் விட்ட தழும்பு தெரியாமல் போவது தற்செயல் இல்லை. ரசனை என்பது முழுசாகப் பார்ப்பது. பாதியை மறைச்சிட்டுப் பார்க்கிறதுக்கு வேற பேர் இருக்கு.