சுழலும் செப்புத் திருமேனி: பொருட்சுழற்படங்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றிய நூல்களைப் புரட்டிப் பார்ப்பின், ஒரு திருமேனிக்கு ஒரு படம், அதுவும் முன்புறப் படம், என்னும் வழக்கமே மிகுதியாகக் காணப்படுகிறது. சுற்றிலும் உருவாக்கப்பட்ட ஒரு கலைப்பொருளை ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே நாம் அறிந்து வந்துள்ளோம். கணினித் திரையில் விரலாலோ சுட்டியாலோ இழுத்துத் திருப்பிப் பார்க்கத்தக்க பொருட்சுழற்படம் இக்குறையைப் போக்கிவிட்டது என்னும் எண்ணம் அருங்காட்சியகத்தாரிடமும் ஆசிரியர்களிடமும் நிலவுகின்றது. அவ்வெண்ணம் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதைச் செப்புத் திருமேனிகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். இத்தகைய படம் எடுக்கப்படும் முறையை அறியாமல் அது காட்டுவதை மதிப்பிட இயலாது என்பதே நமது கருத்தாகும்.

பொருட்சுழற்படம் என்பது உண்மையில் படங்களின் வரிசையேயன்றி முப்பரிமாண உருவம் அன்று. பொருளைச் சுழல்மேடை ஒன்றின்மீது நிறுத்தி, 10 பாகைக்கு ஒன்றாக 36 ஒளிப்படங்களை எடுத்து, அவற்றை வரிசையாகக் கோப்பர். பார்ப்பவர் இழுக்கும் திசைக்கேற்ப அடுத்த படமோ முந்தைய படமோ திரையில் தோன்றும். இவ்வுத்தியைப் பலரறியச் செய்தது ஆப்பிள் நிறுவனம் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட குவிக்டைம் விஆர் என்னும் மென்பொருளாகும். ஆயினும் பொருளைச் சுற்றிலும் படமெடுக்கும் எண்ணம் மிகவும் பழையது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த பிரான்சுவா வில்லேம் 1860இல் காப்புரிமை பெற்ற ஒளிப்படச் சிற்ப முறையில், வட்டக்கூடத்தின் நடுவே ஒருவரை நிறுத்தி, 24 கருவிகளால் ஒரே நேரத்தில் படமெடுத்து, அவ்வுருவக் கோடுகளைக் கொண்டு களிமண் சிலை செய்தனர். அங்குப் பொருள் அசையவில்லை. கருவிகளே சுற்றி நின்றன. இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றினும், பின்னர்க் காணவிருப்பது போல், பெரிய விளைவுகளை உடையது.

அச்சும் சூத்திரமும்

சுழல்மேடையில் பொருளை வைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்தக் கோட்டைச் சுற்றி அது சுழல வேண்டும் என்பதாகும். பூச்சாடி போன்ற பொருளுக்கு இதில் ஐயமில்லை. மூவளைவு நிலையில் நிற்கும் உமையின் திருமேனிக்கு ஐயம் உண்டு. இடுப்பு ஒருபுறம் ஒசிந்திருக்க, தோள் மறுபுறம் சாய, தலை மீண்டும் வளைந்து நிற்கின்றது. பீடத்தின் நடுப்புள்ளியை அச்சாகக் கொள்வதா, உருவத்தின் புறவெல்லைகளுக்கு இடைப்பட்ட நடுவைக் கொள்வதா?

வணிகப் பொருள்களுக்கென உருவான மென்பொருள்கள் சில, ஒவ்வொரு படத்திலும் உருவத்தின் புறக்கோட்டைக் கண்டறிந்து தாமாகவே நடுவில் நிறுத்திவிடுகின்றன. காலணிக்கும் கைப்பைக்கும் இது நன்று. உமையின் திருமேனிக்கு இதனைச் செய்தால், ஒசிந்த இடுப்பு நடுவுக்கு இழுக்கப்பட்டு, அசையாது நிற்க வேண்டிய பீடம் இடமும் வலமுமாக நீந்தத் தொடங்கும். சிற்பி எந்த ஒசிவை அரிதின் முயன்று வார்த்தாரோ, அதனையே பிழையெனக் கருதி மென்பொருள் திருத்திவிடுகிறது.

இவ்விடத்தில் சிற்ப மரபே நமக்கு வழிகாட்டுகிறது. சிற்ப நூல்கள் உருவத்தின் நடுவே செல்லும் தூக்குநூற் கோட்டைப் பிரமசூத்திரம், மத்திய சூத்திரம் எனக் குறிக்கின்றன. வளைவு நிலைகளில் உறுப்புகள் அக்கோட்டிலிருந்து எவ்வளவு விலக வேண்டும் என்பதே அளவாகச் சொல்லப்படுகிறது. சுவாமிமலைச் சிற்பிகள் தென்னங்கீற்றை மடித்து ஒடியோலையாக்கி அளவெடுப்பதும் இம்மரபின் தொடர்ச்சியேயாகும். எனவே சுழல்மேடையின் அச்சு இந்தச் சூத்திரத்தின்மீது அமைய வேண்டும் என்பது நமது துணிபு. மேடையின் நடுப்புள்ளிக்கு நேர்மேலே ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டு, சிற்பியின் கோடும் படமெடுப்பவரின் கோடும் ஒன்றாகுமாறு திருமேனியை நிறுத்துவது கடினமான செயலன்று. அப்பொழுதுதான் சுழலும் உருவில் இடுப்பின் விலகல் விலகலாகவே தெரியும். தானே நடுவாக்கும் வசதியை நிறுத்திவிடல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

ஒளி எங்கே நிற்கிறது?

நாம் ஒரு சிலையைச் சுற்றி வரும்பொழுது, விளக்கும் சிலையும் தத்தம் இடத்தில் நிற்க, நாம் மட்டுமே நகர்கிறோம். சிலையின் இடத் தோளில் விழுந்த நிழல், நாம் பின்புறம் சென்றாலும் இடத் தோளிலேயே இருக்கும். சுழல்மேடையில் நிகழ்வது வேறு. விளக்கும் ஒளிப்படக்கருவியும் அசையாது நிற்க, பொருள் சுழல்கிறது. நிழல் உடலின்மீது ஊர்கிறது. முதற்படத்தில் ஒளிபெற்ற கன்னம் பத்தாம் படத்தில் இருள்கிறது. பளபளப்பான உலோகத்தில் இது இன்னும் மிகுதி. ஒளித்தெறிப்பு திரையில் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்க, அதன் கீழே உருவம் வழுக்கிச் செல்வது போன்ற தோற்றம் உண்டாகிறது. ஆகவே சுழல்மேடைப் படத்தைத் 'திரையில் வலம் வருதல்' எனச் சிறப்பித்துக் கூறுவது பொருந்தாது. வலம் வருபவர் நாமல்லர். நம்முன் அது திருப்பிக் காட்டப்படுகிறது.

இதனைக் குறையென்று மட்டும் கொள்ளுதலும் முறையன்று. சாய்வாக விழும் ஒளியில் ஒரு பரப்பு மெல்லத் திரும்பும்பொழுது, முன்புற ஒளியில் மறைந்து கிடந்த உளிக்கோடுகளும், ஆடை மடிப்பில் பொறித்த பூவேலையும், பீடத்தில் தேய்ந்துபோன எழுத்தும் ஒவ்வொன்றாக எழுந்து மறைகின்றன. கல்வெட்டு படிப்போர் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படிக்கும் அதே உத்தியை இங்கே மேடையின் சுழற்சி செய்து தருகிறது. பரப்பை ஆராய்பவருக்குச் சுழல்மேடை உதவும். உருவத்தின் திரட்சியை அறிய விழைபவருக்கு அசையாத ஒளியில், சிலையைச் சுற்றிக் கருவியை நகர்த்தி எடுத்த படமே வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஆயினும் எந்த முறையில் எடுக்கப்பட்டது என்னும் குறிப்பு படத்துடன் தரப்படுவது அரிது.

ஒளித்தெறிப்பைத் தவிர்க்க, விளக்கின் முன்னும் வில்லையின் முன்னும் முனைவாக்கும் தகடுகளைக் குறுக்காக வைப்பது ஓவியங்களுக்கும் மரச்சிற்பங்களுக்கும் ஏற்ற முறையாகும். உலோகத்திற்கு அது பொருந்துவதில்லை. உலோகப் பரப்பில் தெறிக்கும் ஒளி தன் முனைவை இழப்பதில்லை என்பதால், குறுக்குத் தகடு அதனை முற்றிலும் தடுத்துவிட, மெருகேறிய பகுதிகள் கருத்து உயிரிழந்து தோன்றும். பெரிய வெண்துணித் திரைகளின் வழியே பரவிய ஒளியைச் செலுத்தி, தெறிப்பை அகற்றாமல் மென்மையாக்குவதே செம்பிற்கு ஏற்றது.

எண்களின் நெருக்கடி

ஆடவல்லானின் திருவாசியோடு கூடிய திருமேனி இவ்வுத்திக்குக் கடுஞ்சோதனையாகும். 80 செ.மீ. குறுக்களவுள்ள திருவாசி ஒன்றைக் கருதுவோம். 10 பாகைக்கு ஒரு படமெனில், அடுத்தடுத்த இரு படங்களுக்கிடையே அதன் விளிம்பு ஏறக்குறைய 7 செ.மீ. நகர்கிறது. தீச்சுடர் ஒவ்வொன்றும் தாவிச் செல்வதாகவே கண்ணுக்குப் படும். 5 பாகையாகக் குறைத்து 72 படங்கள் எடுப்பின் இத்தாவல் பாதியாகும். மேலிருந்தும் கீழிருந்தும் காண வேண்டுமெனில் ஒவ்வோர் உயரத்திற்கும் மீண்டும் 72 படங்கள் வேண்டும்.

மேலும், திருவாசி முன்நோக்கி நிற்கையில் மெல்லிய வட்டமாக உள்ளது. 90 பாகை திரும்பியதும் அதன் ஒரு விளிம்பு கருவியை நோக்கி 40 செ.மீ. முன்வர, மறு விளிம்பு 40 செ.மீ. பின்செல்கிறது. 35 மி.மீ. படச்சட்ட அளவுள்ள கருவியில் 100 மி.மீ. வில்லையைப் பொருத்தி, 4 மீட்டர் தொலைவில் நின்று, எஃப் 5.6 என்னும் துளையளவில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் அரை மீட்டரைச் சற்றே தாண்டும். எஃப் 11 அளவிற்குத் துளையைச் சுருக்கினால் அது ஒரு மீட்டரைத் தாண்டுமாயினும், ஒளி நான்கு மடங்கு வேண்டும். குவியம், துளை, வெளிச்ச நேரம், வெண்மைச் சமன் ஆகிய அனைத்தையும் முதற்படத்தில் கையால் நிறுவிப் பூட்டிவிட வேண்டும். தானியங்கி முறையில் விட்டால் 36 படங்களும் 36 நிறங்களில் அமைந்து, சுழற்றும்போது உருவம் மின்னி மின்னித் தோன்றும். வில்லையின் குவியத்தூரம் குறைந்தால் நீட்டிய கை கருவியை நோக்கி வரும்போதெல்லாம் பூதாகாரமாகப் பெருக்கும். வீசிய கையும் தூக்கிய திருவடியும் உடைய ஆடவல்லானுக்கு இது பெருங்கேடு.

தென்னகத் திருமேனிகள் பெரும்பாலும் மெழுகு வார்ப்பு முறையில் கனமாக வார்க்கப்பட்டவை. ஒரு மீட்டர் உயரமுள்ள திருமேனியை இருவர் தூக்கி மேடைமேல் வைத்துவிட இயலாது. வைத்தாலும், மேடை நிற்கும்போது ஏற்படும் அதிர்வில் திருவாசி நடுங்குவது நிற்கும்வரை காத்திருத்தல் வேண்டும். பெரிய திருமேனிகளுக்கு வில்லேமின் வழியே ஏற்றது: தரையில் வட்டம் வரைந்து, பாகைகளைக் குறித்து, கருவியை நகர்த்துதல். பின்புலம் படத்திற்குப் படம் மாறும் என்பதால் கருந்துணியை நாற்புறமும் தொங்கவிட வேண்டியிருக்கும். உழைப்பு மிகுதியே; எனினும் திருமேனிக்குத் தீங்கில்லை, ஒளியும் அதனதன் இடத்தில் நிற்கும்.

யாரும் காணாத பின்புறம்

உற்சவத் திருமேனி வீதியுலா வரும்பொழுது பட்டும் மாலையும் சூடி, முகமும் கைகளும் திருவடியும் மட்டுமே புலப்பட வருவது. அதன் முதுகைக் காண்போர் அருச்சகரும் சிற்பியுமே. அவ்வாறிருந்தும் சோழச் சிற்பி முதுகை அரைகுறையாக விட்டாரில்லை. தோளில் புரளும் சுருள்முடி, தலையின் பின்னுள்ள சிரச்சக்கரம், ஆடையின் பின்முடிச்சு, பூணூல் முதுகில் இறங்கும் போக்கு ஆகியன திருமேனியின் காலத்தைக் கணிப்போர் நாடும் அடையாளங்களாகும். சுழற்படத்தின் தலையாய பயன் இங்கேதான் உள்ளது என்போம். வழிபாட்டு மரபு காட்டாததை அது காட்டுகிறது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. மாணவர்க்கு இதனைக் காட்டும் ஆசிரியர், அடியார் கண்ட காட்சி இதுவன்று என்பதையும் உடன் சொல்லுதல் நன்று.

இப்பயன் கலைச்சுவையோடு நின்றுவிடுவதன்று. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலைச் சேர்ந்த ஆடவல்லான் திருமேனியை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கியது. அது களவுபோனதென உறுதிப்பட்டு 2014இல் இந்தியாவிற்குத் திரும்பியது. அக்கோயிலில் 1994இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் எடுத்துவைத்திருந்த ஒளிப்படமே அடையாளங்காண உதவிற்று. அதே கோயிலின் உமா பரமேசுவரி திருமேனி சிங்கப்பூர் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் இருந்தது. அதனைத் திருப்பியளிக்கும் முடிவு 2015இல் அறிவிக்கப்பட்டது. மெழுகு வார்ப்பில் அச்சு ஒவ்வொரு முறையும் உடைக்கப்படுவதால் ஒரு திருமேனி மற்றொன்றைப் போல் அமைவதில்லை. வார்ப்பின்போது நேர்ந்த சிறு குழி, பின்னர் ஒட்டுப்போட்ட இடம், பீடத்தின் அடிவிளிம்பு நெளிவு ஆகியன மனிதனின் கைரேகையை ஒத்தவை. அவற்றுட் பல முதுகிலும் பக்கங்களிலுமே உள்ளன. முன்புறப் படம் ஒன்றே இத்துணை உதவுமெனில், அளவுகோலும் நிறப்பட்டையும் உடன்வைத்து எடுத்த 36 படங்கள் எவ்வளவு உதவும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். கோயில்களில் எஞ்சியுள்ள திருமேனிகளுக்கு இப்பதிவு முதலில் செய்யப்பட வேண்டும். அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் இருப்பவை காத்திருக்கலாம்.

கோப்பின் ஆயுள்

குவிக்டைம் மென்பொருளின் விண்டோஸ் பதிப்பிற்கான ஆதரவை ஆப்பிள் நிறுவனம் 2016இல் கைவிட்டது. 2019இல் வெளியான அதன் சொந்த இயங்குதளத்திலும் பழைய குவிக்டைம் 7 இயங்கவில்லை. சுழற்படங்களுக்குப் பெரிதும் பயன்பட்ட ஃபிளாஷ் 2020ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது. 1990களிலும் 2000களிலும் பல்கலைக்கழகங்களும் அருங்காட்சியகங்களும் குறுவட்டுகளில் வெளியிட்ட சுழற்படங்கள் பல இன்று திறக்க இயலாத கோப்புகளாகக் கிடக்கின்றன. ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய செம்பு அப்படியே இருக்க, இருபது ஆண்டுப் படம் அழிந்துபோவது வியப்பிற்குரியதே. கோத்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, எடுத்த தனிப்படங்களை அழித்துவிட்டதே இதற்கு முதற்காரணம். பழைய கணினிகள் இன்னும் இயங்கும் நிலையிலுள்ள துறைகள், தம்மிடமுள்ள குறுவட்டுகளிலிருந்து ஒவ்வொரு சட்டத்தையும் தனிப்படமாகப் பிரித்தெடுத்து, முன்புறத்தை முதலாம் எண்ணாகக் கொண்டு வரிசை எண் இட்டு, சுழன்றது பொருளா கருவியா என்னும் ஒரு வரிக் குறிப்பையும் சேர்த்து வைப்பது இப்பொழுதும் இயலும். அக்கணினிகள் பழுதடைந்த பின்னர் அது எளிதாயிராது.